ஒரு கிரேவியும் ஒரு 'தூ'வும்

1

என் தம்பி சேகர் என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப் போகிறது. சொத்துத் தகராறு இல்லை. சீர் செய்ததில் குறை என்ற சண்டையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரு கோழிக் கிரேவியில் ஆரம்பித்தது. அந்தக் கிரேவியைச் செய்தவள் நான்.

நான் இருப்பது பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டலில் வேலை. நம் பக்கம் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. இது தங்கும் ஓட்டல். படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, யாரோ ஒருவர் தலைமுடியைத் தண்ணீர் போகும் குழாயிலிருந்து எடுப்பது, இதுதான் தினமும். அறையில் தங்கியவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வெளியே போன பிறகுதான் நான் உள்ளே போவேன். கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சித்திரை பிறக்கும் சமயம் வந்தால் எங்கள் ஓட்டல் பெண்கள் "கோவிந்தசாமி, பானை எப்போது?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வாரமும் கேட்டார்கள். நாங்கள் வேலை நிறுத்தம் செய்த நாளை அவர்கள் என் கிரேவியோடுதான் கொண்டாடுவார்கள். மற்ற வருஷங்களில் கோழி வாங்கும்போது சந்தோஷமாக இருக்கும். இந்த வருஷம் கோழியைப் பார்த்ததும் தம்பி ஞாபகம்தான் வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

கோவிந்தசாமி என்பது என் அப்பா பெயர். என் பெயர் செல்வி. திண்டிவனத்தில் பன்னிரண்டாவது வரை படித்தேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்ததும் குடியிருப்புக் காகிதம் போடும் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் "குடும்பப் பெயர் என்ன?" என்றாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. என் வீட்டுக்காரரும் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒன்றைத் தட்டினாள். அன்றிலிருந்து நான் திருமதி கோவிந்தசாமி. மாற்ற நாலு தடவை போய் வரிசையில் நின்றோம். ஒவ்வொரு தடவையும் இன்னொரு காகிதம் இல்லை என்றார்கள். விட்டுவிட்டோம்.

அப்பா எங்கள் ஊர்ப் பெருமுக்கல் மலையைத் தாண்டி வேறு உலகம் வேண்டாம் என்று இருந்தவர். செத்த பிறகு பாரிஸில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார்.

3

எங்கள் ஓட்டலில் ஆமினாத்தா என்று ஒரு பெண். மாலி நாட்டுக்காரி. பெயரிலேயே ஆத்தா இருப்பதால் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அவள் மூக்கு வந்துவிடும். ஒரு நாள் கோழிக் கிரேவியைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு "இதன் பெயர் என்ன?" என்று கேட்டாள். "கிரேவி" என்றேன். "கிரேவ்?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களிடம் போய் ஏதோ சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம்.

அந்த வாரமே, உடை மாற்றும் அறையில் அவள் என் தோளைப் பிடித்து, "கோவிந்தசாமி, நாளைக்குக் கிரேவ்! எல்லாரும்! வாசலில்! மறக்காதே" என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு சந்தையில் கற்றது. வெங்காயம், கோழி, எவ்வளவு, பரவாயில்லை. கிரேவ் என்றால் கிரேவிதான் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் என் சமையலைச் சாப்பிட ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

விடிய எழுந்து பெரிய பானை நிறையச் செய்தேன். மூடியைத் துணியால் கட்டி, சந்தைக்கு இழுத்துப் போகும் சக்கரப் பையில் வைத்து ரயில் ஏறினேன். பெட்டியெல்லாம் மசாலா வாசனை. ஓட்டல் வாசலில் பார்த்தால் எங்கள் பெண்கள் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். விசில். சிவப்புத் துணி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

கிரேவ் என்றால் இந்த ஊரில் வேலை நிறுத்தம்.

உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் பானையோடு எப்படி உள்ளே போவது? திரும்பிப் போகலாமா என்றால் ஆமினாத்தா பானையைப் பார்த்துவிட்டாள். மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க, "கோவிந்தசாமி நம் எல்லாருக்கும் சோறு கொண்டு வந்திருக்கிறாள்!" என்று கத்தினாள். எல்லாரும் வாளியைத் தட்டி "கோ-விந்த-சாமி! கோ-விந்த-சாமி!" என்று கோஷம் போட்டார்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சிவப்புக் கொடி பிடித்து நிற்பவர்களைப் பார்த்தால் அப்பா என் கையை இழுத்துக்கொண்டு, "வா வா, பேஜாரு புடிச்சவனுங்க" என்று அந்தப் பக்கம் தாண்டிப் போவார். அவர் பெயரைச் சொல்லித்தான் அன்றைக்குக் கோஷம்.

4

வேலை நிறுத்தம் ஒரு நாளில் முடியவில்லை. தினமும் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். தினமும் பானை. அங்கேதான் சோசலிசம், கம்யூனிசம் என்ற சொற்கள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டன. அதற்கு முன்னால் சுவரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆமினாத்தாவுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பாள். "காலையில் மாற்றுகிற விரிப்பிலேயே நம் அன்றைய கூலி வந்துவிடுகிறது. மத்தியானத்துக்கு மேல் மாற்றுகிறோமே, அது யாருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். பல வருஷமாக மத்தியானத்துக்கு மேலும் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. ஓட்டல் அவர்களுடையது, சோப்பு அவர்களுடையது, வாளி அவர்களுடையது. எங்களிடம் இருப்பது கையும் இடுப்பும்தான். அதை விற்கத்தான் வருகிறோம். எதை வைத்து வேலை செய்கிறோமோ அது யாருக்குச் சொந்தம் என்று கேட்பதுதான் சோசலிசத்தின் தொடக்கம் என்று எனக்குப் புரிந்தது.

இன்னொரு நாள் கிரேவி கொஞ்சமாக இருந்தது. காலையிலிருந்து குளிரில் நின்றவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சிலர். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமதமாக வந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குத்தான் பசி அதிகம் என்று சிலர். ஆமினாத்தா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். "உழைத்ததற்குத் தகுந்தபடி ஊற்றினால் அது சோசலிசம். பசிக்குத் தகுந்தபடி ஊற்றினால் அது கம்யூனிசம். கோவிந்தசாமி, நீ சொல்."

"இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றலாம்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

தோய்னா மட்டும் தட்டவில்லை. அவள் ருமேனியாக்காரி. எங்களோடு குளிரில் நின்றவள்தான். "என் அம்மா எங்கள் ஊர்க் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இறைச்சிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பாள். அவள் முறை வரும்போது எலும்புதான் இருக்கும். கடைசியில் கரண்டி பிடித்தவன்தான் சாப்பிட்டான். கூலிக்காக நிற்கிறேன். அந்தப் பாட்டை என்னைப் பாடச் சொல்லாதீர்கள்" என்றாள். ஆமினாத்தா கோபப்படவில்லை. "அதனால்தான் கரண்டியை மாறி மாறிப் பிடிக்க வேண்டும்" என்றாள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தோய்னா அம்மாவின் வரிசை பொய்யில்லை. ஆமினாத்தாவின் கேள்வியும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோரிக்கை எழுதும்போது ஒவ்வொருவரையும் கேட்டார்கள். என் முறை வந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வியர்த்துவிட்டது.

பிரெஞ்சில் 'நீ' என்பதற்குத் 'தூ' என்று சொல்வார்கள். 'நீங்கள்' என்பதற்கு 'வூ'. மேற்பார்வைப் பையனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அறை வாடகைக்கு வருகிறவர்களை 'வூ' என்பான். எங்களை 'தூ' என்பான். இந்த ஊர்க்காரிக்கு அது வெறும் சொல். நம் காதுக்குத் தூ என்றால் என்ன? ஒவ்வொரு தடவை அவன் "தூ" என்னும்போதும் என் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும்.

"எனக்குத் தூ வேண்டாம். வூ வேண்டும்" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான்.

தோய்னாதான் முதலில், "எழுதிக்கொள்" என்றாள். நாங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. வூ கிடைத்தது. அந்தப் பையன் முதல் தடவை "வூ" என்றபோது அவனுக்கே நாக்கு குழறியது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

என் மகள் மதிக்கு இதெல்லாம் புத்தகப் பாடம். பள்ளியில் படித்திருக்கிறாள். "மம்மா, கிரேவ்னு சொல்லு, கிரேவி இல்ல, ர-வ தொண்டைல சொல்லணும்" என்பாள். வேலை நிறுத்தத்தின் போது ஒரு நாள்கூட வாசலுக்கு வரவில்லை. சிநேகிதிகள் அந்த வழியாகப் போவார்களாம். சித்தாந்தத்தைப் பற்றி என்னிடம் நன்றாகப் பேசுவாள், பிரெஞ்சில். பாதி எனக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவேன். ஏதாவது ஒரு மொழியில் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தால் போதும்.

5

போன வருஷம் சித்திரையில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். தம்பிக்கு மல்லாட்டை அறுவடை. எங்கள் பக்கம் வேர்க்கடலை மல்லாட்டை, நிலம் கொல்லை. செடியைப் பிடுங்கிப் போட்டு, பெண்கள் உட்கார்ந்து காயை ஆய்ந்து கூடையில் போடுவார்கள். காலனியிலிருந்து ஆரோக்கியமேரி ஆள் சேர்த்துக்கொண்டு வருவாள். என்னைவிடப் பெரியவள். நான் நடக்கப் பழகியபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு களை எடுத்தவள் என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவள் "ஏய் ஆரோக்கியம்". எனக்கும்தான்.

அன்றைக்கு அவள் கொல்லைக்குள் நுழைந்ததும் என் வாயில், "வாங்க ஆரோக்கியம்மா, சாப்டீங்களா?" என்று வந்துவிட்டது.

அவள் நின்றுவிட்டாள். கூடையை இறக்கவில்லை. "இன்னா பாப்பா, எம்மேல எதுனா கோவமா?"

"இல்லியே, ஏன்?"

"பின்ன இன்னாத்துக்கு வாங்க போங்கன்ற? நான் இன்னா பண்ணேன்?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். தம்பி மோட்டார் கொட்டாய் வாசலில் நின்றுகொண்டு, "எங்க அக்கா வெளிநாடு போயி மரியாத கத்துக்கினு வந்துக்கிது. நாளைக்கு மாட்டகூட வாங்கன்னு கூப்புடும்" என்றான்.

நான் சொன்னதை விளக்க வேண்டியதாகிவிட்டது. அவர்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டே பானைக் கதையைச் சொன்னேன். கிரேவி என்று நினைத்துப் போனதைச் சொன்னபோது ஆரோக்கியம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அங்க நீன்னு சொல்றதுக்குத் தூன்னுதான் சொல்வாங்க" என்றேன்.

"தூவா? மூஞ்சிக்கு நேராவா?"

"மூஞ்சிக்கு நேராத்தான்."

"அடப்பாவி! நீ இன்னா பண்ண?"

"வேணாம்னேன்."

"வுட்டுட்டானா?"

"வுட்டுட்டான்."

அவள் சிரிப்பு நின்றது. ஒரு செடியைக் கையில் எடுத்து மண்ணை உதறினாள். ரொம்ப நேரம் உதறிக்கொண்டே இருந்தாள்.

6

இரண்டு நாள் கழித்து, பிடுங்கிப் போட்ட செடியெல்லாம் கொல்லை முழுக்கக் குவியல் குவியலாகக் கிடக்கும்போது, பெருமுக்கல் மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. கோடை மழை. நனைந்தால் காய் கறுத்துப்போகும், முளைவிடும். வாங்குகிறவன் தொடமாட்டான். தம்பிக்கு அந்த வருஷப் பிழைப்பு முழுக்க அந்தக் குவியல்களில்தான் இருந்தது. அவனும் அவன் மனைவி வசந்தாவும் எங்களோடு குனிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தம்பி மகன் தினேஷ் விழுப்புரம் பக்கம் காலேஜில் படிக்கிறான். லீவுக்கு வந்திருந்தான். பைக்கில் வரப்பு வரை வந்து, ஆரோக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, "ஏய், இன்னாடி வானத்தப் பாத்துக்கினு நிக்கிற? ஜல்தியா ஆயுடி!" என்றான்.

அவனுக்கு அவள் பாட்டி வயது. புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்த ஊரில் தினமும் சொல்வதுதான்.

ஆரோக்கியம் கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா, இதான அந்தத் தூ?"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய் வரப்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் எழுந்து போனார்கள். யாரும் கத்தவில்லை. வாளி தட்டவில்லை.

தம்பி ஓடி வந்தான். "இன்னா ஆரோக்கியம், மழ வருது, இப்ப போயி..."

"மழ வர்றது தெரியுது சின்னவரே. மரியாதையும் வரட்டும்" என்றாள் அவள்.

தம்பி என்னிடம் வந்தான். அவன் முகம் கோபத்தைவிடப் பயமாகத்தான் இருந்தது. "அக்கா, நீ வுட்ட கததான இது? நீயே போயி கூப்டு. நீ சொன்னா வருவாங்க."

"தினேஷ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்."

"அவன் சொல்லமாட்டான். மழ காத்துக்கினு நிக்காதுக்கா! போயி கூட்டிக்கினு வா. இல்லாங்காட்டி நீ எனக்கு அக்காவே இல்ல."

வரப்பு வரை நடந்தேன். கூப்பிட வேண்டும் என்றுதான் போனேன், அதை மறைக்கவில்லை. நடக்கும்போது மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. என் தம்பி அந்த ஓட்டல்காரனா? திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை கொண்டு போனால் வியாபாரி அவன் பெயரைக்கூடக் கேட்பதில்லை. "ஏய் பெருமுக்கல், மூட்டைய அந்தாண்ட தள்ளு" என்பான். இவன் சிரித்துக்கொண்டே தள்ளுவான். கூடவே போயிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். அங்கே இவனுக்கும் தூதான். நிலம் இவனுடையது, ஆனால் விலை இவனுடையது இல்லை. ஆமினாத்தாவின் கேள்வியை இவனிடம் கேட்டால் இவன் எந்தப் பக்கம் நிற்பான்? இரண்டு பக்கமும் நிற்பான். அதற்காக வரப்பில் இருக்கிறவளுக்கு விழுந்த 'டி' இல்லை என்று ஆகிவிடுமா?

ஆரோக்கியம் என்னை அண்ணாந்து பார்த்தாள். "கூப்புட வந்தியா பாப்பா, கூட குந்த வந்தியா?"

"கால் வலிக்குது" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

காற்று ஈரமாக அடித்தது. தினேஷ் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தம்பி கொல்லை நடுவில் தனியாக நின்றான். குவியலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், வரப்பில் என்னைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக நடந்து வந்து, எங்களுக்கு நேராக நிற்காமல் சற்றுத் தள்ளி, மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஜல்தியா வந்தா தேவல."

நம் மொழியில் இப்படி ஒரு வழி இருக்கிறது. 'வா' என்றும் சொல்லாமல், 'வாங்க' என்றும் சொல்லாமல், வந்தா தேவல, சாப்பாடு ஆச்சா, எப்ப கிளம்பறது என்று நடுவிலே நுழைந்து போகலாம். புது மருமகன் மாமியாரிடம் பேசுவது இப்படித்தான். பிரெஞ்சில் இந்த வசதி இல்லை. அவர்களுக்குத் தூ அல்லது வூ.

ஆரோக்கியம் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்துப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள். "இன்னா சின்னவரே, ரெண்டுக்கும் நடுவால ஒரு சந்து கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "சரி, இன்னிக்குச் சந்து வழியா வர்றோம்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எல்லாரும் ஓடினோம். நானும் வசந்தாவும் தார்ப்பாய் இழுத்தோம். கடைசி இரண்டு மூன்று குவியலைத்தான் மழை பிடித்தது. மற்றதெல்லாம் கரை சேர்ந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது தம்பி என் பக்கம் பார்க்கவில்லை. காலையில் வசந்தா வந்து, "அண்ணி, அவரு ஆட்டோ சொல்லிட்டாரு, திண்டிவனம் வரைக்கும்" என்றாள். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பையில் பச்சை மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள். நான் மீதி லீவுக்கு விழுப்புரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். வாசல் வரை வந்து வழியனுப்ப அவன் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சத்தம் பின்பக்கம் கேட்டது.

7

விழுப்புரத்தில் நாத்தனாருக்குக் காய்கறி வாங்கப் போனபோது தெருமுனையில் ஒரு சின்னக் கூட்டம். சிவப்புக் கொடி, ஒரு மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்பானால் அப்பா கையை இழுத்தது போல நானே என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். கால் நின்றது. ஒரு பெண் வந்து, "தோழர், வெயில்ல நிக்கிறீங்களே, வந்து உக்காருங்க" என்றாள். நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் என்று பார்த்தேன். யாரும் இல்லை.

அந்தச் சொல்லைப் பற்றி விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா என்றால் வயது தெரிய வேண்டும். அம்மா, ஐயா என்றால் யார் வீடு என்று தெரிய வேண்டும். தோழர் என்பதற்கு எதுவும் தெரிய வேண்டாம். சொல்லிவிட்டால் பின்னாலேயே 'ங்க' வந்துவிடுகிறது. "தோழர், இன்னாடி பண்ற" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மடங்காது.

அந்தப் பெண்ணிடம் புதியவர்களுக்கான ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். வர்க்கம், உபரி, பொதுவுடைமை என்று தமிழில். பஸ் நேர அட்டவணை படிப்பது போல விரல் வைத்துப் படித்தேன். சில பக்கம் ஆமினாத்தா பேசுவது போலவே இருந்தது. சில பக்கம் காகித அலுவலகத்து அம்மாள் பேசுவது போல இருந்தது. தோய்னாவின் அம்மா நின்ற வரிசை அதில் எங்கேயும் இல்லை. அதையும் எழுதியிருந்தால் இன்னும் நம்பியிருப்பேன். இருந்தாலும் மூடி வைக்க மனம் வரவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். அது படிக்கும்போது அடுத்தவனைப் பற்றியது போலத்தான் இருக்கும். நம் வீட்டுக் கொல்லையில் ஒருத்தி எழுந்து போய் வரப்பில் உட்காரும்போதுதான் அது நம்மைப் பற்றியது என்று தெரியும்.

8

இங்கே திரும்பி வந்ததிலிருந்து தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். எடுக்கவில்லை. வசந்தா எடுத்து, "அவரு கொல்லியில இருக்கிறாருண்ணி" என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும். பொங்கலுக்கு அடித்தேன், அப்போதும் கொல்லைதான். மதிகூட ஒரு நாள், "மம்மா, மாமா கிரேவ்ல இருக்காரா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் தமிழில்தான் பேசினாள்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. பானைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. அவன் நம்பர். கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"அக்கா."

"சொல்லு தம்பி."

காற்றுச் சத்தம்.

"பாண்டிலருந்து யாருனா அந்தாண்ட வர்றாங்களா? இந்த வருசம் காய்ப்பு நல்லா புடிச்சிக்கிது. வறுத்து ஒரு பை அனுப்பலாம்னு."

"விசாரிச்சிச் சொல்றேன். எப்ப புடுங்கற?"

"வர்ற வாரம். ஆளு கெடைக்கறதே பேஜாராகீது. ஆனா அவங்க வர்றேன்னு சொல்லிக்கிறாங்க."

வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"யாரு?"

மலை அடிவாரத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அதான்... ஆரோக்கியம். ஆள் கூட்டிக்கினு அவங்க வர்றாங்களாம். உன்ன கேட்டாங்க."

போனில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகத்தான் கேட்டது.

"லைன் சரியா இல்ல தம்பி" என்றேன். "யாரு வர்றாங்கன்ன? இன்னொரு தபா சொல்லு."